கிழிந்த ஜவ்வும் எழுதிய தொகையும்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மதிப்பிழப்புக் காப்பீடு என்றொரு பாலிசி உண்டு. கல்லூரி அணிக்கு ஆடும் இருபது வயது இளைஞரைத் தொழில்முறை லீக் எத்தனையாவது ஆளாக எடுத்துக்கொள்ளும், அவருடைய முதல் ஒப்பந்தம் எவ்வளவுக்குப் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, காயத்தால் அந்தத் தொகை குறைந்தால் குறைந்ததில் ஒரு பங்கைத் தருவதாக எழுதிக்கொடுக்கும் தாள் அது. எரிந்த வீட்டுக்கும் மூழ்கிய கப்பலுக்கும் கொடுக்கிற இழப்பீட்டோடு இதைச் சேர்த்துவைக்க முடியவில்லை. எரிந்த வீடு நேற்றுவரை நின்ற வீடு. கப்பலுக்கு வாங்கிய ரசீது இருந்தது. இங்கே தொலைந்துபோவது கைக்கு இன்னும் வராத சம்பளம். அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2021 வரை அந்த இளைஞரின் ஆட்டத்துக்குக் கல்லூரித் தரப்பில் விலை என்பதே கிடையாது. படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவு என்று விதி அனுமதித்ததைத் தாண்டி யாரிடமாவது பணம் வாங்கினால் ஆடும் தகுதியே போய்விடும். விலையில்லாத உடம்புக்கு மதிப்பு எப்படிக் குறையும்? லண்டனில் லாய்ட்ஸ் சந்தையில் இத்தகைய பாலிசிகளை ஏற்றுக்கொள்ளும் காப்பீட்டாளருக்கு இந்தக் கேள்வி எழுந்ததில்லை. அவர் முட்டியின் பழைய ஸ்கேன் அறிக்கைகளைக் கேட்கிறார், ஒரு தொகை எழுதுகிறார், பிரீமியம் வாங்குகிறார். கல்லூரி வாய்திறந்து சொல்ல மறுத்த எண்ணைக் காப்பீட்டாளர் தாளில் எழுதினார் என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. உறுத்துவதும் அந்த நேர்மைதான்.

கல்லூரி அந்த எண்ணைச் சொல்ல மறுத்ததற்குப் பின்னால் ஒரு சொல் இருக்கிறது. டென்வர் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடிய எர்னஸ்ட் நெமெத் என்ற மாணவர், மைதானத்தில் கையும் முட்டியும் மோதிக்கொள்ளும் அந்த அமெரிக்கக் கால்பந்தின் பயிற்சியில் முதுகில் அடிபட்டார். டென்னிஸ் திடலைப் பராமரிக்கும் வேலைக்கென்று பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 50 டாலர் கொடுத்துவந்தது; கால்பந்து அணியில் இருந்தால்தான் அந்த வேலை என்பது எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. 1953இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் அவரை ஊழியர் என்று ஏற்று, தொழிலாளர் இழப்பீட்டுக்கு உரியவர் என்றது. கல்லூரி விளையாட்டை ஆளும் தேசியச் சங்கமான என்.சி.ஏ.ஏ.வுக்கு இது இடி. அன்று அதன் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ் ஒரு கூட்டுச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: மாணவ விளையாட்டு வீரர். விதிகளிலும் விளக்கங்களிலும் அதையே எழுத வேண்டும் என்று வகுக்கப்பட்டதை, ஓய்வுக்குப் பிறகு 1995இல் வெளியான தன் நூலில் அவரே பதிவுசெய்தார். 1955இல் அதே கொலராடோவில், ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டார். 1957இல் அதே உச்ச நீதிமன்றம், கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டது. ‘மாணவர்’ என்ற சொல்லைக் கேட்டால் புத்தகமும் விடுதி மணியும் நினைவுக்கு வருகின்றன. இழப்பீட்டு விண்ணப்பத்தை நிராகரிக்க உதவிய சொல் என்று யாருக்கும் தோன்றாது. ஒரு சொல்லைச் சட்டக் கேடயமாகச் செதுக்கியவர்களே அதில் கொஞ்சம் நம்பிக்கையும் வைத்திருந்தார்களா என்பது தீர்க்க முடியாத ஐயம். இரண்டும் ஒரே மனத்தில் இருந்திருக்கலாம்.

அந்தச் சொல்லின் நிழல் நீண்டது. 1974 அக்டோபரில் டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் கென்ட் வால்ட்ரெப், அலபாமா அணிக்கு எதிரான ஆட்டத்தில் கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். பல ஆண்டுகள் கழித்து அவர் தொழிலாளர் இழப்பீடு கோரினார். 1993இல் மாநில ஆணையம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. காப்பீட்டு நிறுவனம் வழக்காடியது. 2000இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் அல்லர் என்று முடித்துவைத்தது. விழுந்த நாளிலிருந்து கடைசித் தீர்ப்புவரை இருபத்தாறு ஆண்டுகள். இதற்கிடையே 1992இல் என்.சி.ஏ.ஏ. பேரிழப்புக் காப்பீடு ஒன்றைத் தொடங்கியிருந்தது. உடல் செயலிழப்பது போன்ற மீளாத சேதங்களுக்கு வாழ்நாள் மருத்துவச் செலவை ஏற்கும் அந்தத் திட்டத்தின் உச்சவரம்பு 2 கோடி டாலர். ஆனால் ஒரே காயத்தின் செலவு 90,000 டாலரைத் தாண்டிய பிறகுதான் அதன் கதவு திறக்கும். அதற்குக் கீழே உள்ள முட்டி, தோள், கணுக்கால் எல்லாம் கல்லூரியின் பாலிசி, பெற்றோரின் பாலிசி, இரண்டுக்கும் நடுவே கடிதப் போக்குவரத்து என்று அலையும். உதவித்தொகையும் 1973 முதல் 2012 வரை ஓராண்டுக்கு மேல் உறுதியளிக்கப்படவில்லை. ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கும் கை பயிற்சியாளருடையது. நொண்டிக்கொண்டு மருத்துவ அறைக்கு வரும் பையனுக்கு, எந்த வலியைச் சொல்வது எதை மறைப்பது என்ற கணக்கு அங்கேயே தொடங்கிவிடும். அவன் கற்கும் முதல் நிதிப் பாடம் அதுதான்.

பெரிய சம்பளத்துக்குப் போகக்கூடியவர்களுக்காக என்.சி.ஏ.ஏ. 1990இல் வேறொரு ஏற்பாடு செய்தது. கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால், ஐஸ் ஹாக்கி ஆகியவற்றில் தொழில்முறைத் தேர்வின் மேல்சுற்றுகளில் எடுக்கப்படலாம் என்று கணிக்கப்பட்டவர்கள் மட்டும் நிரந்தர முழு இயலாமைக் காப்பீடு வாங்கலாம். கையில் காசில்லாத மாணவர் பிரீமியத்துக்குக் கடன் பெறலாம். வருங்காலச் சம்பளம் வந்ததும் அடைக்கலாம். சம்பளம் வாங்கக்கூடாது என்ற அதே அமைப்பு, வரப்போகிற சம்பளத்தின் பேரில் கடன் வாங்க வழிசெய்தது. பிரீமியம் பொதுவாகப் பத்து லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 8,000 முதல் 10,000 டாலர்வரை. பாலிசியின் பெயரிலுள்ள மூன்று சொற்களில் ஒவ்வொன்றும் ஒரு பூட்டு. நிரந்தரமாக, முழுமையாக, இயலாமல் போக வேண்டும். மயாமி பல்கலைக்கழகத்தின் வில்லிஸ் மெகாஹி 2003 ஜனவரியில் நடந்த ஃபியெஸ்டா பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன் 25 லட்சம் டாலருக்குப் பாலிசி எடுத்தார்; அந்த ஆட்டத்திலேயே இடது முட்டியின் மூன்று ஜவ்வுகள் கிழிந்தன. இருந்தும் பஃபலோ அணி முதல் சுற்றில் 23ஆவது ஆளாக அவரை எடுத்தது. அவர் எழுந்து ஓடினார். பாலிசி ஒரு காசும் தரவில்லை. தர வேண்டியதும் இல்லை. தென் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் 2012 அக்டோபரில் முட்டி சிதைந்து, நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டு, தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமல் 2014இல் ஓய்வை அறிவித்தார். இந்தப் பாலிசியின் உள்ளே ஒரு குரூரமான தர்க்கம் ஓடுகிறது. தேறிவர முயலும் ஒவ்வொரு நாளும் இழப்பீட்டுக்கு எதிரான சாட்சி. கைவிடும் நாள்தான் அதற்கு ஆதாரம். இருபத்தொரு வயதில், வியர்வையும் களிம்பும் மணக்கும் பயிற்சிக்கூடத்தில் ஐஸ் கட்டியை முட்டியில் கட்டிக்கொண்டு கிடப்பவரிடம், உன் நம்பிக்கைக்கும் உன் பாலிசிக்கும் ஒத்துவராது என்று சொல்லும் ஆலோசகர் யாரும் இருந்திருப்பார் என்று தோன்றவில்லை.

அந்தப் பூட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பத்தான் மதிப்பிழப்புக் காப்பீடு வந்தது. 2016 ஜனவரி முதல் தேதி, அரிசோனாவின் கிளெண்டேலில், மீண்டும் ஒரு ஃபியெஸ்டா பௌல். நோட்டர் டேம் அணியின் ஜெய்லன் ஸ்மித், நாட்டின் மிகச் சிறந்த லைன்பேக்கர், அதாவது தடுப்பாட்டக்காரர், என்ற விருதோடு களமிறங்கினார். முதல் கால்பகுதியில் பந்து அவர் பக்கமே இல்லாத ஒரு கணத்தில் எதிரணிக்காரர் தள்ளினார்; இடது கால் தரையில் ஊன்றி மடங்கியது. ஜவ்வுகள் கிழிந்ததோடு பாதத்தைத் தூக்கும் நரம்பும் பழுதானது. நடந்தால் பாதம் தொங்கியது. முதல் ஐந்து பேருக்குள் போவார் என்று கணிக்கப்பட்டவரை டல்லஸ் அணி இரண்டாம் சுற்றில் 34ஆவது ஆளாக எடுத்தது. அதே டல்லஸ், அதே ஆண்டு, நான்காவது ஆளாக எடுத்த எசக்கியல் எலியட் அன்றைய ஃபியெஸ்டா பௌலில் எதிரணியான ஒஹாயோ மாநிலத்துக்கு ஆடியவர். எலியட்டின் முதல் ஒப்பந்தம் ஏறக்குறைய 2.5 கோடி டாலர். ஸ்மித்தினுடையது சுமார் 65 லட்சம். நடுவில் உள்ள பள்ளத்துக்குக் காப்பீடு கொடுத்தது 9 லட்சம் டாலர் அளவில். அதற்கு முந்தைய ஆண்டு ஒரெகான் பல்கலைக்கழகத்தின் இஃபோ எக்ப்ரே-ஒலோமு முட்டி கிழிந்து 241ஆவது ஆளாகச் சரிந்தபோது, 30 லட்சம் டாலர் பெறுவதாகச் செய்தி வந்தது. மதிப்பிழப்புப் பாலிசியில் பணம் பெற்றதாக வெளியே தெரிந்த முதல் ஆட்டக்காரர் அவர். அவர் தொழில்முறை லீகின் முறையான ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை. ஸ்மித்தோ ஓராண்டு உட்கார்ந்து, நரம்பு திரும்பிவர, 2019இல் 6 கோடி டாலருக்கு மேற்பட்ட நீட்டிப்பு ஒப்பந்தம் பெற்றார். 2021இல் அதே அணி அவரை விடுவித்தது. காப்பீட்டுத் தாளில் இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஏப்ரல் மாதத்து ஒரு மாலையில் மேடையில் பெயர் வாசிக்கப்பட்ட வரிசை எண் மட்டுமே அதில் இருக்கிறது. காயம் உடம்பில் நடந்தது. இழப்பு ஒரு பட்டியலில் அளக்கப்பட்டது.

அளவுகோல் பட்டியல் என்றால், சரிவுக்குக் காரணம் காயம் மட்டுமே என்று நிரூபிக்க வேண்டும். ஓட்டம் மந்தமாக இருந்தது, அந்தப் பருவம் சரியாக ஆடவில்லை, பழைய காயம் ஒன்று இருந்தது என்று காப்பீட்டாளர் எதையும் காட்டலாம். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்கீஸ் லீ 2014 தேர்வில் 39ஆவது ஆளாகப் போனார். 50 லட்சம் டாலர் உச்சவரம்பு கொண்ட பாலிசியின் கீழ் பணம் கேட்டபோது, முன்பிருந்த மருத்துவ விவரங்களைச் சொல்லவில்லை என்று மறுக்கப்பட்டு, 2015இல் நீதிமன்றம் போனார். வலியை மறைக்கக் கற்றுக்கொடுத்த இடம் ஒன்று; மறைத்ததற்குத் தண்டிக்கும் இடம் இன்னொன்று. கல்லூரிகளும் இந்தத் தாளின் பயனைப் புரிந்துகொண்டன. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2014இல் செட்ரிக் ஒக்பூஹி என்ற முன்வரிசை வீரருக்கு 50,000 டாலருக்கு மேல் போன பிரீமியத்தை, மாணவர் உதவிக்கென்று இருந்த நிதியிலிருந்து கட்டியது. தொழில்முறைக்குப் போகாமல் இன்னொரு பருவம் தங்கினார். கடைசி ஆட்டத்தில் ஜவ்வு கிழிந்தது. ஆனாலும் முதல் சுற்றில் 21ஆவதாகப் போய்விட்டார். கல்லூரி பிரீமியம் கட்டியது அக்கறையா, இன்னொரு பருவத்துக்கான கூலியா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். வெளியே வேறு வகையான கணக்கு போட்டவர்களும் உண்டு. ஸ்மித்தின் முட்டியைப் பார்த்த அடுத்த டிசம்பரில் கல்லூரிக் கால்பந்து வீரர்களான லெனர்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெகாஃப்ரியும் தங்கள் பௌல் ஆட்டங்களை ஆடாமல் ஒதுங்கினார்கள்; சக வீரர்களைக் கைவிட்டதாகத் திட்டு வாங்கினார்கள். அதே மாதம் மிச்சிகனின் ஜேக் பட் ஆரஞ்சு பௌலில் ஆடி முட்டியை இழந்து ஐந்தாம் சுற்றுக்குச் சரிந்தார். அவருக்குப் பாலிசி 5,43,000 டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2019 பிப்ரவரியில் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் சையன் வில்லியம்சன் ஆட்டத்தின் முதல் நிமிடத்திலேயே திரும்பியபோது காலணி கிழிந்து பாதம் வெளியே வந்தது. அடுத்த நாள் பேச்சு முட்டியைப் பற்றியதாக இருக்கவில்லை. 16ஆவது இடத்துக்குக் கீழே போனால் 80 லட்சம் டாலர் என்ற பாலிசியைப் பற்றியே பேசினார்கள்.

இந்தத் தாள்களை எடுப்பதா வேண்டாமா, எவ்வளவுக்கு, யார் காசில் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். நெடுங்காலம் அந்த ஆளைத்தான் விதி தடுத்தது. ஏஜென்ட் வைத்துக்கொண்டால் ஆடும் தகுதி போகும். ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் பந்து வீச்சாளர் ஆண்டி ஆலிவர், உயர்நிலைப் பள்ளி முடித்தபோது தன்னைத் தேடிவந்த தொழில்முறை அணியோடு பேச ஒரு வழக்கறிஞரைத் துணைக்கு வைத்திருந்தார் என்பதற்காக 2008இல் விலக்கப்பட்டார், மறு ஆண்டு ஒஹாயோ நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது, என்.சி.ஏ.ஏ. 7,50,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் வழக்கறிஞர் முன்வாசல் வழியே வர முடியாத வீட்டுக்குப் பின்வாசல் வழியே யார் வருவார்கள் என்பது ஊகிக்கக்கூடியதே. ஃபுளோரிடா பல்கலைக்கழக வீரர்களுக்குக் கல்லூரிக் காலத்திலேயே ரகசியமாகப் பணம் கொடுத்துப் பழகிய ‘டேங்க்’ பிளாக் என்ற ஏஜென்ட், பின்னர் தன் வாடிக்கையாளர்களை ஏமாற்றியதற்காகச் சிறை சென்றார். ஃபிரெட் டெய்லர் தன் முதல் ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பணத்தில் 30 லட்சம் டாலருக்கு மேல் அவரிடம் இழந்தார். இத்தகைய மோசடியாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத வகை மென்மையானது. பாலிசி விற்கும் தரகருக்கு பிரீமியத்தில் கமிஷன்; தொகை பெரிதானால் கமிஷனும் பெரிது. ஏஜென்டுக்கு நாளைய ஒப்பந்தத்தில் பங்கு. பயிற்சியாளருக்கு அடுத்த சனிக்கிழமை ஆட்டம். காப்பீடு இருக்கிறது, தைரியமாக ஆடு என்ற வாக்கியத்தை இவர்களில் யார் சொன்னாலும் பொய் இல்லை. அது கெட்ட ஆலோசனையாக இருப்பதற்குப் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

2021இல் காட்சி மாறியது. ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வின் சில கட்டுப்பாடுகளைத் தகர்த்தது. ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்கலாம் என்றாயிற்று. பணம் வந்தது, அதோடு புதுவகை ஒப்பந்தங்களும் வந்தன. ஃபுளோரிடாவின் கெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் பெற்றுக்கொண்டு, தொழில்முறையில் ஈட்டப்போவதில், வரி கழிப்பதற்கு முன், 15 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு எழுதிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு சிகாகோ அணி அவரை 53ஆவது ஆளாக எடுத்தது; முதல் ஒப்பந்தம் சுமார் 67 லட்சம் டாலர்; அதன் 15 சதவீதமே 10 லட்சத்தைத் தொட்டது. மாநிலச் சட்டத்துக்கு முரணான ஒப்பந்தம் என்று 2023இல் வழக்குத் தொடுத்தார். கந்துவட்டி என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் நின்று பார்த்தால் சங்கடம் கூடுகிறது. முட்டி போய் அவர் தொழில்முறைக்கே போகாமல் இருந்திருந்தால் ஒரு காசும் திருப்பித்தர வேண்டியதில்லை. அப்படியானால் இதுவும் காயத்துக்கு எதிரான காப்பீடுதான். தலைகீழாக எழுதப்பட்ட காப்பீடு. பாலிசியில் விழுந்தால் பணம் வரும், முன்னே கட்ட வேண்டும். இதில் முன்னே பணம் வரும், எழுந்தால் கட்ட வேண்டும். பிரீமியத்தின் பெயர் மட்டும் மாறியிருக்கிறது. அளவு இருபத்தைந்து ஆண்டு. நல்ல ஆலோசனைக்கும் கெட்ட ஆலோசனைக்கும் நடுவே இருப்பது பல சமயம் அறம் அல்ல, ஒரு பெருக்கல் கணக்கு. அந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் மேசையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தார் என்பதில்தான் அறம் மறுபடி உள்ளே நுழைகிறது.

எச்சரிக்கையும் விற்பனைப் பொருளாவது இதன் இன்னொரு கிளை. அமெரிக்கக் கால்பந்து வீரர்களில் 78 சதவீதத்தினர் ஓய்வுபெற்ற இரண்டே ஆண்டில் திவாலாகிறார்கள் அல்லது பண நெருக்கடியில் விழுகிறார்கள் என்று 2009இல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் எழுதியது. அந்த எண் பின்னர் எத்தனையோ நிதி ஆலோசனைக் கூட்டங்களின் முதல் வரியானது. 1996 முதல் 2003வரை தேர்வான வீரர்களின் திவால் பதிவுகளைப் பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டபோது, ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் திவாலானவர்கள் 2 சதவீதத்துக்கும் கீழே, பன்னிரண்டு ஆண்டுக்குள் 15.7 சதவீதம் என்று தெரிந்தது. நெருக்கடியும் திவாலும் ஒன்றல்ல என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்துவிட முடியாது. ஆனாலும் 15.7 சிறிய எண் அல்ல. அதில் அதிர்ச்சி குறைவு, அவ்வளவுதான். அந்த ஆய்வு சொன்ன இன்னொன்று கூர்மையானது: அதிக நாள் ஆடி அதிகம் சம்பாதித்தவர்களும் திவாலிலிருந்து தப்பவில்லை. எவ்வளவு வந்தது என்பது காப்பாற்றவில்லை என்றால், எவ்வளவு வராமல் போனது என்பதை மட்டும் அளக்கும் பாலிசி எதைக் காப்பாற்றும் என்ற ஐயம் அங்கே எழுகிறது.

இவ்வளவும் பட்டியலின் மேலே இருக்கும் சிலரைப் பற்றியது. என்.சி.ஏ.ஏ.வின் கீழ் ஆடுவோர் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் தொழில்முறைக்குப் போகிறவர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஜிம்னாஸ்டிக்ஸ் பாயில் ஒரு காலில் இறங்கும் பெண்ணுக்கும், வாலிபால் வலைக்கருகே துள்ளி விழுபவருக்கும், முட்டியில் கிழிவது அதே ஜவ்வுதான். அவர்களுக்கு வரிசை எண் இல்லாததால் மதிப்பும் இல்லை. மதிப்பில்லாததால் மதிப்பிழப்பும் இல்லை. அவர்களுக்காக 2024 ஆகஸ்ட் முதல் ஒரு சிறிய கதவு திறந்திருக்கிறது. கல்லூரியில் பட்ட காயத்துக்கு, கல்லூரியை விட்ட பிறகும் இரண்டு ஆண்டுவரை, ஒரு காயத்துக்கு 90,000 டாலர் உச்சவரம்பில், மற்றக் காப்பீடுகள் கொடுத்தது போக எஞ்சிய செலவை என்.சி.ஏ.ஏ. ஏற்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தருகின்றன. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் அளவுவரை. ஊழியர் என்ற சொல் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அந்தச் சொல் வந்தால் தொழிலாளர் இழப்பீடும் கூடவே வரும். அதற்குக் காயம்பட்டவரின் வரிசை எண் தேவைப்படாது. இதற்கிடையில் உடம்பு தன் கணக்கை வேறு நாட்காட்டியில் நடத்துகிறது. முட்டியின் முன்ஜவ்வு கிழிந்தவர்களில் பலருக்கு, அறுவை சிகிச்சையில் சரிசெய்த பிறகும், பத்து இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. அதற்குள் பிரீமியக் கடன் அடைந்திருக்கும், ஒப்பந்தங்கள் காலாவதியாகியிருக்கும், இரண்டு ஆண்டுக் கதவு எப்போதோ மூடியிருக்கும். காலையில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுகிற அந்த நாற்பது வயதுக்காரரின் முட்டியில் பட்டது எந்தப் பருவத்தில், எந்த அணிக்காக என்பது பதிவேட்டில் இருக்கும். அதற்கான செலவு அவருடையது.